பச்சை உப்பும் ரெண்டு வருஷம் தண்ணி குடிச்ச சுண்டெலிகளும்

பேரியம் நைட்ரேட் என்று சொன்னால் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குப் புரியாது. பச்சை உப்பு என்று சொன்னால் புரியும். சக்கரத்திலும் பேன்சி ரகத்திலும் பச்சை வெளிச்சம் வருகிறதே, அது இதன் வேலைதான். பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ம் தேதி சொன்னதிலிருந்து சிவகாசி டீக்கடைகளில் இரண்டு கட்சி உண்டு. "விஷம்னு கோர்ட்டே சொல்லிருச்சு, அப்புறம் என்ன" என்பது ஒன்று. "முப்பது வருசமா கையில அள்ளுறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்பது இன்னொன்று. ஆலைக்காரர்கள் திரும்பவும் கேட்டுப் பார்த்து, 2023 செப்டம்பரில் நீதிமன்றம் மறுபடி முடியாது என்று சொன்ன பிறகு இரண்டாவது கட்சியின் சத்தம் இன்னும் கூடிவிட்டது.

எனக்கு இதில் ஒரு சின்னக் கேள்விதான். விஷம் என்று யார், எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? எவ்வளவு போனால் விஷம்?

பி.காம். படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். முதல் காரணம், எங்கள் அம்மா பதினாறு தீபாவளிக்குப் பயராபீஸில் சக்கரத்துக்கும் பூச்சட்டிக்கும் மருந்து அடைத்தவர். (வெளியூர்க்காரர்களுக்கு: பட்டாசு ஆலைக்கு இங்கே பயராபீஸ் என்றுதான் பெயர். மருந்து என்றால் வெடி மருந்து.) இப்போது பேக்கிங்கில் இருக்கிறார். இரண்டாவது காரணம், எந்த எண்ணைப் பார்த்தாலும் 'வவுச்சர் எங்கே?' என்று கேள் என்றுதானே ஆடிட்டிங் பேப்பரில் சொல்லித் தருகிறார்கள். அந்த வவுச்சரைத் தேடிக்கொண்டே போனேன். அது கடைசியில் அமெரிக்காவில் ஒரு சுண்டெலியின் சிறுநீரகத்தில் போய் நின்றது.

அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 1994-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வரிசை எண் 432. பேரியம் குளோரைடைக் குடிதண்ணீரில் கலந்து எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இரண்டு வருடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு 500 பி.பி.எம்., அடுத்ததற்கு 1250, அதற்கடுத்து 2500. ஒரு குழுவுக்கு எதுவும் கலக்காத வெறும் தண்ணீர். இரண்டு வருடம் என்பது சுண்டெலிக்கு ஏறக்குறைய முழு ஆயுள். இந்த ஆயுள் முழுக்க எடை பார்த்து, தண்ணீர் எவ்வளவு குடித்தது என்று அளந்து, நடுவில் ரத்தம் எடுத்து, கடைசியில் அறுத்து ஒவ்வொரு உறுப்பாக மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ரத்தம் எடுக்கிற விஷயத்தில்தான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். சுண்டெலியின் எடை 25 கிராம். அதன் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிக்குள்தான். உயிரோடு வைத்திருந்து சோதிக்க வேண்டுமென்றால் மொத்த ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் அது தேறிவர இரண்டு மூன்று வாரம் விட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அப்படியானால் கையில் கிடைப்பது 0.18 மில்லி, அதாவது மூன்று நான்கு சொட்டு. நம் ஊர் லேபில் நம்மிடம் எடுப்பது 3 மில்லி, 5 மில்லி. அதற்கே மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறோம் :-) 250 கிராம் எலியிடம் ஒன்றரை மில்லி வரை கிடைக்கும்.

எலிக்கு வாலில் ஊசி போடுவார்கள். வாலை லேசாகச் சூடுபடுத்தினால் ரத்தக்குழாய் விரியும். சுண்டெலிக்குக் கன்னத்தில் ஒரு குத்து உண்டு. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாயிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழாயால் எடுக்கிற முறையும் உண்டு. அதை மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும், வேறு வழி இருந்தால் வேண்டாம் என்று இப்போது ஒதுக்குகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

முயலுக்குக் காதுதான். முயலைத் தூக்கி வெளிச்சத்தில் காதைப் பார்த்தால் ஓரத்தில் ஒரு நரம்பு ஓடுவது தெரியும். அதில் எடுத்துவிடலாம். இரண்டரைக் கிலோ முயலுக்கு 140 மில்லி ரத்தம் இருக்கும் என்பதால் இங்கே கஞ்சத்தனம் வேண்டியதில்லை.

சிறுநீர்தான் இன்னும் வேடிக்கை. 'கொஞ்சம் இந்த டப்பாவில்...' என்று எலியிடம் சொல்ல முடியாது. மெட்டபாலிசம் கேஜ் என்று ஒரு கூண்டு இருக்கிறது. கீழே கம்பித் தளம், அதன் கீழே புனல். புழுக்கை ஒரு குழாய்க்கும் சிறுநீர் இன்னொரு குழாய்க்கும் தனித்தனியாகப் போய்விடும். ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தால் எலி 10 மில்லிக்கு மேல் தரும், சுண்டெலி 1 அல்லது 2 மில்லி தரும். சுண்டெலியைக் கையில் தூக்கினாலே பயத்தில் போய்விடுமாம். அதை அப்படியே ஒரு பிளாஸ்டிக் தாளில் பிடித்துக்கொள்கிற ஆட்களும் உண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஏய்யா, எலிக்கு ஒண்ணுக்கு டெஸ்ட்டா? எங்களுக்கே யாரும் எடுக்கலையே" என்று சிரித்தார். அந்த வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன்.

கிடைத்த சிறுநீரைப் படிப்பதற்கும் ஆள் தெரிந்திருக்க வேண்டும். முயலின் சிறுநீர் கலங்கலாக, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். நமக்கு அப்படி இருந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும், முயலுக்கு அதுதான் இயல்பு. சாப்பாட்டில் வரும் கால்சியத்தில் மிஞ்சுவதை அது சிறுநீர் வழியாகத்தான் வெளியே தள்ளும். சில நாள் சிவப்பாகக்கூட இருக்கும், ரத்தம் இல்லை, நிறமி. அதேபோல ஆண் எலியின் சிறுநீரில் எப்போதுமே கொஞ்சம் புரதம் இருக்கும். நம் லேபில் 'அல்புமின் பிளஸ்' என்று எழுதித் தந்தால் வீடே கலங்கிவிடும். ஆண் எலிக்கு அது சாதாரணம். எனவே வெறும் எண் மட்டும் எதையும் சொல்லாது. வெறும் தண்ணீர் குடித்த குழுவின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

தமிழ்நாட்டுக்கு இந்த எலிக் கணக்கு புதிதில்லை என்பதையும் இந்தத் தேடலில்தான் தெரிந்துகொண்டேன். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் 1918-ல் ஒற்றை அறையில் தொடங்கி, ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் எலிகளுக்குப் பஞ்சாபிச் சாப்பாடு, மதராஸ் சாப்பாடு என்று வகை வகையாகப் போட்டு வளர்த்துப் பார்த்தார். (நம் சாப்பாடு கடைசி ரேங்க். வெறும் சோற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய.) எந்தச் சாப்பாட்டில் எலியின் சிறுநீர்ப்பையில் கல் வருகிறது, அதில் பாலைச் சேர்த்தால் எப்படித் தடுக்கிறது என்றெல்லாம் அங்கே பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

பேரியம் சுண்டெலிகளுக்கு வருவோம்.

நீண்ட ஆய்வுக்கு முன்னால் 13 வாரத்துக்கு ஒரு முன்னோட்ட ஆய்வு. அதில் எலிகளின் ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடியிருந்தது. ஆஹா, சிக்கியது என்று நினைக்கிறோம் இல்லையா? ஆய்வாளர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் சரக்கு வெளியே கொட்டும், அதனால் வந்த போலிக் கூடுதல் என்று எழுதினார்கள். வாலிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுக்கிற ரத்தத்தில் இது நடக்கும்தான். நம் ஊர் லேபிலேயே அவசரமாக ஊசியை இழுத்தால் பொட்டாசியம் கூடிக் காட்டுவதுண்டு.

பிறகு இரண்டு வருட ஆய்வு. பதினைந்தாவது மாதத்தில் சிலவற்றின் ரத்தத்தைப் பார்த்தார்கள். பேரியம் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஆனால் மற்ற எண்களில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தால் எல்லாம் நார்மல்.

இரண்டு வருடம் முடிந்து அறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2500 பி.பி.எம். குடித்த குழுவில் 19 ஆண் சுண்டெலிகளுக்கும் 37 பெண் சுண்டெலிகளுக்கும் சிறுநீரகம் கெட்டிருந்தது. வடிகட்டும் குழாய்கள் விரிந்து, நடுவில் தழும்பு கட்டி, உள்ளே படிகங்கள். ஒவ்வொரு குழுவிலும் இருந்தவை ஏறக்குறைய ஐம்பது, அறுபது. வெறும் தண்ணீர் குடித்ததில் ஆணில் ஒன்றே ஒன்றுக்கு, பெண்ணில் ஒன்றுக்குக்கூட இல்லை. புற்றுநோய் எதுவும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரிய எலிகளை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியவில்லை. அந்த இன எலிகளுக்கு வயதானால் தானாகவே சிறுநீரகம் கெடும், பேரியம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும்.

இதிலிருந்து மனுஷனுக்கு எப்படி எண் போட்டார்கள் என்பது கணக்குப் பதிவியல் படித்தவனுக்கு ரொம்பப் பிடித்த இடம். சுண்டெலிக் கணக்கிலிருந்து ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 63 மில்லிகிராம் என்று ஓர் அளவை எடுத்தார்கள். அதை 300-ஆல் வகுத்தார்கள். சுண்டெலி வேறு, மனுஷன் வேறு என்பதற்கு 10. மனுஷனுக்கு மனுஷன் உடம்பு வேறு என்பதற்கு 10. நமக்குக் கிடைத்த ஆய்வுகள் போதாது என்பதற்கு 3. வாராக்கடனுக்கு ஒதுக்கீடு வைக்கிற மாதிரி! வந்த விடை சுமார் 0.2 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் 2005-ல் போட்ட எண் இது. 50 கிலோ அம்மாவுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்று சொல்வதும் இதே சுண்டெலிகளை வைத்துத்தான். நம் நாட்டுக் குடிநீர்த் தரம், 2012-ல் வந்தது, 0.7 என்று இன்னும் கறாராக இருக்கிறது.

சரி, டீக்கடைக்கு விடை கிடைத்துவிட்டதா? இல்லை. சுண்டெலி குடித்தது. அம்மா குடிக்கவில்லை. அம்மா சுவாசித்தார், கையில் அள்ளினார், அதே கையோடு மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தார். மூச்சு வழியாக எவ்வளவு போனால் ஆபத்து என்று அதே அமெரிக்க நிறுவனம் எண் போட முயன்று, தரவு போதாது என்று விட்டுவிட்டது. வேலையிடக் காற்றில் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று அங்கே ஒரு வரம்பு இருக்கிறது. அதை அளக்கிற கருவியை மருந்து அடைக்கிற ரூமில் அம்மா ஒரு நாளும் பார்த்ததில்லை.

எலியின் ரத்தம் மனுஷனின் ரத்தத்தைப் போலப் பேசும் என்றும் சொல்ல முடியாது. பேன்சி ரகத்தில் போடும் பெர்குளோரேட் இதற்கு உதாரணம். அது தைராய்டுக்குள் அயோடின் போகாமல் தடுக்கும். தைராய்டு ஹார்மோன் எலியின் ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காது, நம் ரத்தத்தில் ஒரு வாரம் அளவுக்கு நிற்கும். அதனால் கொஞ்சம் பெர்குளோரேட் போனாலே எலியின் ரத்தப் பரிசோதனை அலறும். எலியை வைத்து 2002-ல் போட்ட வரைவு எண் 0.00003. மனிதர்களே இரண்டு வாரம் அதைக் குடித்து ரத்தம் கொடுத்த ஓர் ஆய்வை வைத்து 2005-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு சொன்ன எண் 0.0007. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். இங்கே எலி பயந்தது அதிகம். பேரியத்தில் அது எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்?

அதற்காக இரண்டாவது கட்சிக்கு நான் ஓட்டுப் போடவில்லை. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டுமென்றால் யாரையாவது சோதித்திருக்க வேண்டும். பேரியம் ஒரே தடவையில் நிறைய வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் தடாலென்று இறங்கும், கைகால் விழும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். பேரியம் கார்பனேட்டை ஒரு காலத்தில் எலி மருந்தாகவே விற்றிருக்கிறார்கள். (எக்ஸ்ரேக்குக் குடிக்கக் கொடுக்கும் பேரியம் வேறு. அது சல்பேட், கரையாது, வந்த வழியே போய்விடும்.) ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து இருபது வருடம் என்கிற கேள்விக்கு, வெடி விபத்துக்கு வருகிற மாதிரி கேமரா வராது. சிறுநீரகம் சத்தம் போடாமல் கெடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான பொருளைக் கையாளும் வேலைக்கு ஆளை வைப்பதற்கு முன்னால் ஒரு மருத்துவப் பரிசோதனை, வேலையில் இருக்கும்வரை பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு தடவை, வேலையை விட்ட பிறகும் அதேபோல. விட்ட பிறகும்! படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு நினைவிருப்பது, வேலை பார்த்த இடம் ஒன்றில் இரண்டு தடவை நடந்த முகாம். பிரஷர், சுகர், கண் பார்வை. அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் ஒரு சுண்டெலியைத் தொட வேண்டுமென்றால் நம் நாட்டில் 1998 விதிகளின்படி நிறுவனத்தின் நெறிமுறைக் குழு கூடி அனுமதி தர வேண்டும். எத்தனை சுண்டெலி, ஏன் இத்தனை, வலிக்காமல் எப்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறை உள்ள ஒரு உறுப்பினரும் உண்டு. ஒவ்வொரு விலங்குக்கும் எண், எடை, தேதி, கையெழுத்து. அந்தப் பதிவேடு சுண்டெலிக்கு இருக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. அம்மாவுக்கும் ஒன்று இருந்திருக்கலாம்.

போன மாதம் அம்மாவை ஒரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர் அல்புமின் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, பேரியம் பார்க்க முடியுமா?" என்றேன். "பேரியம் மீலா தம்பி? அது ஸ்கேன் சென்டர்ல போய்க் கேளுங்க" என்றார். நான் விளக்கியதும், அதெல்லாம் பெரிய ஊருக்குத்தான் அனுப்பணும் என்றார். யோசித்தால் இப்போது எடுத்தும் பெரிய பலனில்லை. உள்ளே போன பேரியத்தில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும், தங்குவது எலும்பில் போய் உட்காரும். பழைய கணக்கை இன்றைய சிறுநீர் சொல்லாது.

ரிப்போர்ட் வந்தது. கிரியாட்டினின் 0.8, யூரியா 22, பொட்டாசியம் 4.1, அல்புமின் இல்லை. அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதி அளவு போன பிறகுதான் கிரியாட்டினின் கோட்டைத் தாண்டும் என்பதையும், பதினைந்தாவது மாதத்தில் சுண்டெலிகளின் ரத்தமும் நார்மலாகத்தான் இருந்தது என்பதையும் படித்துத் தொலைத்துவிட்டேனே. சுண்டெலியை மாதிரி அறுத்துப் பார்க்கவா முடியும்? ஒரே ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வருடாவருடம் அதே மாதத்தில், அதே லேபில் எடுத்து, எண் நகர்கிறதா என்று பார்க்கலாம். கூடவே பயராபீஸ் பக்கமே போகாத யாரையாவது பார்க்க வேண்டும்.

ஒரு நீளக் கோட்டு நோட்டு வாங்கியிருக்கிறேன். வயது, எத்தனை வருடம், எந்த செக்ஷன், கிரியாட்டினின், அல்புமின், தேதி என்று கட்டம் போட்டாயிற்று. முதல் வரி அம்மா. எங்கள் தெருவில் மருந்து ரூமுக்குப் போகும் மூன்று அக்காக்கள் வருகிறேன் என்றிருக்கிறார்கள். வெறும் தண்ணீர்க் குழுவுக்கு எதிர்வீட்டுத் தையல்கார மதினி, "எனக்கு எதுக்குடா ஊசி?" என்று முதலில் சண்டை போட்டு, பிறகு சரி என்றுவிட்டார். காலை முதல் சிறுநீர் வேண்டும் என்பதுதான் சிக்கல். லேப் ஏழரைக்குத்தான் திறக்கிறான், பயராபீஸ் வேன் ஏழு மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை திறக்கிற லேப் ஒன்றை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.